எட்டடி மேசையில் ஒரு மாங்குளம்

ஒரு வரலாற்றுக் கட்டுரையை விளையாட்டுச் சாமானிலிருந்து தொடங்குவது வாசகருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. புத்தளத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட மேசையொன்று சில வருடங்களாக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் மாங்குளம் புகையிரத நிலையத்தைச் சிறு உருவில் செய்து வருகிறேன். தண்டவாளம், மேடை, நிலையக் கட்டடம், பின்னால் காடு, ஓர் ஓரத்தில் முல்லைத்தீவு வீதி. பிள்ளைகள் இதை 'வாப்பாட கோச்சி' என்கிறார்கள். வீட்டுக்கு வருகிற உறவினர் சிலர், இந்த வயதில் இதென்ன விளையாட்டு என்று முகத்துக்கு நேரே கேட்டுமிருக்கிறார்கள்.

ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து என்னோடு வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் மேசையைச் சுற்றி வந்தார். அவரும் முல்லைத்தீவுப் பக்கத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இது எந்த வருசம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இடத்தைத் தெரிவு செய்திருந்தேன். காலத்தைத் தெரிவு செய்யவில்லை. மாங்குளத்தைப் பொறுத்தவரை காலத்தைச் சொல்லாமல் இடத்தை மட்டும் செய்துவிட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

*

சிறு உருவ ரயில் என்பது முதலில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. ஜேர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1891 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், அளவு ஒழுங்குபடுத்தப்பட்ட தண்டவாளத் தொகுதிகளைக் காட்சிக்கு வைத்தது. வாங்குகிறவர் மேலும் மேலும் வாங்கி இணைத்துக்கொண்டே போகலாம் என்பதே அதன் கவர்ச்சி. அந்தத் தண்டவாளம் தரைவிரிப்பின் மேல் ஓடியது. மலையும் இல்லை, மரமும் இல்லை, மனிதரும் இல்லை. ரயிலைச் சுற்றி ஓர் ஊர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தில்தான் வந்தது.

அப்படி வந்தவர்களில் இருவரை இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் றோய் இங்லண்ட். பெயர் அப்படியிருந்தாலும் அவர் அவுஸ்திரேலியர். 1925 இல் பிரித்தானியாவுக்கு வந்தவர், தான் நேசித்த கிராமப்புறத்தில் பழைய வைக்கோல் கூரைகள் கழற்றப்பட்டு அஸ்பெஸ்டஸ் போடப்படுவதைக் கண்டார். தடுக்க அவரிடம் அதிகாரம் இல்லை. ஆகவே, அழிந்து போவதற்கு முன் அந்த வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து சிறு உருவில் செய்யத் தொடங்கினார். அதுவே 1954 இல் ஒக்ஸ்போர்ட்ஷயரின் லோங் விட்டன்ஹாம் கிராமத்தில் பென்டன் அருங்காட்சியகமாயிற்று. மற்றவர் அமெரிக்காவின் ஜோன் அலன். கலிபோர்னியாவின் மொன்ரரே நகரில் தன் வீட்டின் அடியில் ஒரு முழு மலைநாட்டையே கட்டியவர். புத்தம் புதிய பளபளப்பு பொய் என்றும், உண்மையான ரயிலில் துருவும் தூசியும் எண்ணெய்க் கறையும் இருக்கும் என்றும் தன் வேலையால் காட்டியவர். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் அந்த மலைநாடும் தீயில் எரிந்தது. அதற்கு முன் எடுக்கப்பட்ட படங்களிலிருந்தே உலகம் அதை அறிகிறது.

நமக்குக் கிட்டிய இடத்திலும் இக்கலை உண்டு. இந்தியாவின் புனே நகரில் ஜோஷி என்பவர் அமைத்த சிறு உருவ ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

றோய் இங்லண்டின் கதையை வாசித்த அன்றுதான் நான் மேசையை வாங்கினேன். அவருக்காவது கண்முன்னே வீடுகள் இருந்தன. அளவுநாடாவைக் கொண்டுபோய்ப் பிடிக்கலாம். நான் அளக்க விரும்பிய நிலையமோ அப்போது தரையில் இல்லை.

*

அளவு பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் எடுத்துக்கொண்டது 76 இல் ஒரு பங்கு என்ற அளவு. இலங்கையின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். ஒரு சாதாரண மனிதனின் உயரமும் ஏறத்தாழ அதுதான். இரண்டும் என் மேசையில் 22 மில்லிமீற்றராகச் சுருங்குகின்றன. ஆனால் கடையில் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீற்றர்தான். அதை அப்படியே பதித்தால் நமது பாதை கால் பங்கு ஒடுங்கி வேறொரு நாட்டுப் பாதையாகிவிடும். எனவே தண்டவாளத்தைக் கழற்றி, சிலிப்பர் கட்டைகளை மரச்சீவலில் வெட்டி, 22 மில்லிமீற்றருக்கு நானே பதித்தேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றர். அதை இந்த அளவில் செய்வதானால் ஏறத்தாழ 1200 மீற்றர் நீளமான மேசை வேண்டும். என் எட்டடி மேசையில் அடங்குவது உண்மையான நிலத்தில் 185 மீற்றர் மாத்திரமே. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தீர்மானம் இங்கே தவிர்க்க முடியாதது. வரலாறு எழுதுகிறவனும் இதைத்தான் செய்கிறான். அவனுடைய மேசையும் சிறியதுதான்.

*

வன்னிக்குள் ரயில் வந்த கதை சுருக்கமானது. வடக்கே காங்கேசன்துறைப் பக்கத்துத் துண்டு 1902 இல் முதலில் திறக்கப்பட்டது. தெற்கேயிருந்து குருநாகல், அநுராதபுரம் வழியாக வந்த பாதை காட்டை ஊடறுத்து அதனோடு இணைந்தது 1905 ஓகஸ்டில். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று பெயர்ப்பலகைகள் நின்றன. 1956 ஏப்ரல் 23 ஆம் திகதி யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் 1954 முதல் நம் நாட்டில் ஓடின. அவற்றில் சிலவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்கள். வன்னிக் காட்டைக் கிழித்துக்கொண்டு ஓர் 'அல்பேர்ட்டா' போவதில் இருந்த வேடிக்கை சிறுவயதில் எனக்குத் தெரியவில்லை.

முல்லைத்தீவுக் கரைக்கு ரயில் போனதில்லை. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் முதலிய முஸ்லிம் கிராமங்களில் இருந்தவர்களுக்கும், சுற்றியிருந்த தமிழ்க் கிராமத்தவருக்கும் ரயில் என்றால் மாங்குளம்தான். பஸ்ஸில் நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வந்து இறங்கி, மேடையில் காத்திருக்க வேண்டும். கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகிறவர், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர், கலியாணத்துக்குப் போகிறவர் எல்லாருக்கும் அந்த மேடையே வாசல். வாப்பாவின் கையைப் பிடித்தபடி நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

*

இனி மண். சிறு உருவ நிலக்காட்சிக்கு அடித்தளம் ரெஜிபோம். அதை அரத்தால் சீவி, மேலே பரிஸ் சாந்து பூசி, காய்ந்த பின் மண் தூவ வேண்டும். வெளிநாட்டுக் கடைகளில் பைகளில் விற்கும் மண் அந்நாட்டுக்குரிய மங்கிய பழுப்பு. வன்னியின் செம்பழுப்புக்கு வன்னி மண்தான் வேண்டும். மாங்குளத்திலிருந்து ஒரு கடதாசிப் பையில் கொண்டுவந்து, தாச்சியில் வறுத்து, பழைய மேசில் அரித்தேன். வறுப்பது பூச்சியும் பூஞ்சணமும் வராமலிருக்க. அடுத்து அதன் மேல் காந்தமொன்றை ஓட்ட வேண்டும். மண்ணிலிருக்கும் இரும்புத் துகள் எஞ்சினின் மோட்டாருக்குள் போனால் அது பழுதாகிவிடும். காந்தத்தில் கறுப்புத் தூள் அப்பிக்கொண்டு வந்தது. பெரும்பாலும் அது இயற்கையான இரும்பு மணலாகத்தான் இருக்கும். இருந்தாலும் அந்தக் காந்தத்தை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்டவாளத்துக்கு நடுவே போடும் சல்லிக்கு, ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத கருங்கல் தூள். அதைத் தூரிகையால் ஒதுக்கி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்தால்தான் அது திரளாமல் கல்லுக்குள் ஊறும். தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருநிறம். மேல்விளிம்பு மட்டும் சக்கரம் தேய்த்து மினுங்க வேண்டும். இந்த மினுக்கம்தான் ரயில் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. ஓடாத பாதையில் மேல்விளிம்பும் துருப்பிடித்திருக்கும்.

மரங்களுக்குக் காய்ந்த வேர்களும் நுண்ணிய கிளைகளும். பாலை, வீரை, முதிரை என்று வன்னிக் காட்டு மரங்களின் இலை கரும்பச்சை. கடையில் விற்கும் இளம்பச்சைத் தூள் உதவாது. மரத்தூளுக்குச் சாயமேற்றி, சாயம் கழன்ற தேயிலைத்தூளையும் கலந்தேன். பாதையோரத்துப் பற்றைகளுக்கு நார். கிடுகுக் கூரைக்கு, உம்மாவின் பழைய ஓலைப்பெட்டியொன்றின் அருகு நன்றாகப் பொருந்தியது.

முறிகண்டி என் மேசைக்கு வெளியே இருக்கிறது. ஆனால் முறிகண்டிக் கச்சானை விட மனம் வரவில்லை. பிள்ளையார் கோயிலடியில் வாகனங்களை நிறுத்தித் தேங்காய் உடைப்பார்கள். கச்சான் சுருளை எல்லா மதத்தவரும்தான் வாங்கினோம். எனவே மாங்குளம் மேடையில் ஒரு பெண் கடகத்துடன் இருக்கிறாள். கூட்டு வண்டிகளில் ஒன்றின் மேல், ஆனையிறவு உப்பும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும்படி வெள்ளைத் தூசு கொஞ்சம் பூசியிருக்கிறேன்.

*

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். எந்த வருசம்?

1956 ஐ எடுக்கலாம். யாழ்தேவியின் முதல் வருடம்; கொண்டாட்டம். ஆனால் அந்த வருடம் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. 1985 ஐ எடுத்தால், அந்த ஜனவரி 19 ஆம் திகதி முறிகண்டிக்கு அருகில் யாழ்தேவி தாக்கப்பட்டதைச் சொல்லாமல் விட முடியாது; படையினரும் பொதுமக்களும் அதில் இறந்தார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது யாழ்தேவி நின்றது. அவ்வருடம் ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளின் கட்டளையால் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நாங்கள் போனபோது கோச்சி இல்லை. மாங்குளம் மேடை எங்களை வழியனுப்பவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. உண்மை அதைவிட எளிமையானது. வழியனுப்புவதற்கு அங்கே ரயிலே இல்லை.

அதன் பின் வந்த வருடங்களில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டு இரு தரப்பினரின் பங்கர்களுக்கும் போயின. மேடும் சல்லியும் மிஞ்ச, காடு மூடியது. 2008 நவம்பரில் மாங்குளமும் 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சியும் இராணுவத்திடம் வீழ்ந்தன. வன்னித் தமிழ் மக்கள் சட்டி பானையோடு கிழக்கே ஓடி ஓடி, முள்ளிவாய்க்கால் மணலில் பட்டதை உலகம் அறியும். கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு, இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாக அமைத்தது. 2011 மே மாதம் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் என்று ரயில் திரும்பியது. இப்போது சிலிப்பர் மரமல்ல, கொங்கிறீற்.

ஆக, ஒரு சிலிப்பர் கட்டையைப் பார்த்தே வருடத்தைச் சொல்லிவிடலாம். மரமென்றால் 1990 க்கு முன். கட்டையே இல்லையென்றால் அதற்குப் பின் வந்த இருபது சொச்சம் வருடங்கள். கொங்கிறீற் என்றால் 2013 க்குப் பின். நான் மரத்தில் வெட்டியிருந்தேன். கை தெரிவு செய்துவிட்டதை மனம் பிறகுதான் கண்டுகொண்டது. 1989 என்று பெயரிட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

*

புதிய பாதை திறந்த பின் மாங்குளத்தில் ஒரு நண்பர் கிடைத்தார். தமிழர்; என்னைவிட மூத்தவர். 2009 இல் வீட்டோடு போட்டோ அல்பங்களையும் இழந்தவர். நான் எடுத்துப்போன படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுத்தமான மேடை, வெள்ளைச் சுவர், பூத்த மரம்.

"வடிவாத்தான் இருக்கு தம்பி. 89 எண்டு சொல்லுறீங்கள். அப்ப சென்றி எங்க? மண்மூட்டை எங்க?"

நான் பேசவில்லை. அந்த வருடம் இந்திய அமைதிப் படை வன்னியில் இருந்த வருடம். மண்மூட்டையில்லாத 1989 என்று ஒன்று கிடையாது. அது என் நினைவில் இல்லாமலில்லை. மேசைக்கு வேண்டாமென்று நானே அகற்றிவிட்டிருக்கிறேன். இழந்த ஊரை அழகாகச் செய்ய விரும்பினேன். இழந்தவன் செய்யும் பொய் அது. நாங்கள் போவதற்கு முன் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டால், ஏன் போக வேண்டிவந்தது என்பது யாருக்கும் விளங்காது.

"அண்ணை, வேற என்ன விட்டிருக்கிறன்?" என்று கேட்டேன்.

யோசித்துச் சொன்னார். "உங்கட ஆக்கள் ஒருத்தர் சைக்கிள்ல பிடவை கொண்டு வருவார். கரியர் நிறையப் பொட்டலம். ஸ்டேசன் மரத்தடியிலதான் விரிப்பார். அம்மா கடனுக்கு எடுப்பா. கடைசியா எடுத்த சீலைக்குக் காசு குடுக்க அவர் பிறகு வரயில்லை."

எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. கச்சான்காரியை நான் ஞாபகம் வைத்திருந்தேன்; பிடவைக்காரரை அவர் ஞாபகம் வைத்திருந்தார். நான் மட்டும் செய்திருந்தால் மேடையில் எங்களவர் ஒருவர் குறைந்திருப்பார். அவர் மட்டும் செய்திருந்தால் அவர்களில் ஒருத்தி குறைந்திருப்பாள். மாங்குளத்தை எங்களில் ஒருவரால் தனியே செய்ய முடியாது.

வீடு திரும்பி, துணியைச் சாந்தில் தோய்த்து மண்மூட்டைகள் செய்தேன். ஒவ்வொன்றும் அரிசியைவிடச் சற்றுப் பெரிது. மேடையின் தென்முனையில் அடுக்கினேன். பூத்த மரத்தடியில் ஒரு சைக்கிளை நிறுத்தினேன். சிறு மனித உருவங்கள் ஐரோப்பியத் தொப்பியும் கோட்டுமாகவே கடையில் கிடைக்கின்றன. அவற்றைச் சுரண்டி, சாரமும் சீலையும் முக்காடும் பூச வேண்டும். இதுவரை முப்பத்தொரு பேர் செய்திருக்கிறேன்.

மேசையின் வடக்கு முனையில் ஓரடியைத் தனியாக வெட்டி எடுத்தேன். அந்தத் துண்டில் அதே மேடு, அதே சல்லி, ஆனால் தண்டவாளம் இல்லை. சிலிப்பர் இருந்த இடங்களில் வரிவரியாகப் பள்ளம் விட்டு, மேலே பற்றை நட்டேன். இருக்கிற பாதையைச் செய்வதைவிட இல்லாத பாதையைச் செய்வது கடினம். பிடுங்கப்பட்டது என்று தெரிய வேண்டும். ஒருபோதும் இருந்ததில்லை என்று தோன்றிவிடக் கூடாது.

*

பெரியவர் மறுபடி வந்தார். "எண்பத்தொன்பது" என்றேன். தலையாட்டினார். மண்மூட்டையைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மேடையில் ஓரிடத்தில் விரலை வைத்து, "நான் வழமையா இந்த இடத்திலதான் நிப்பன். முன் பெட்டி இங்கதான் வந்து நிக்கும்" என்றார்.

என்ன உடுப்பு என்று கேட்டேன். வெள்ளைச் சேட்டு, பச்சைக் கோட்டுச் சாரம், கையில் குடை.

அவரை இன்னும் முடிக்கவில்லை. 22 மில்லிமீற்றர் மனிதனுக்குக் குடை செய்வது லேசான வேலையல்ல. நிலையக் கட்டடத்தின் பின்புறமும் எனக்கு இன்னும் தெளிவாக இல்லை. வாசகர் எவரிடமாவது 1990 க்கு முன் மாங்குளத்தில் எடுத்த படமொன்று இருந்தால், கலியாணத்துக்குப் போகிற வழியில் எடுத்ததாக இருந்தாலும், ஆட்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். சுவர் தெரிந்தால் அதை நான் கேட்பேன். ஆட்கள் தெரிந்தால் அவர்களுக்கும் மேடையில் இடமிருக்கிறது.